அறிவியலுக்கு எந்தப் புத்தகம்? தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் பெரியவளுக்கு அறிவியலுக்கு எந்தப் பாடத்திட்டம் எடுப்பது என்று கேட்டு, அமெரிக்க ஹோம்ஸ்கூலிங் கிட் (வீட்டுக் கல்விப் பெட்டி) ஒன்றின் படத்தையும் அனுப்பியிருந்தாய். பெட்டி அழகாகத்தான் இருக்கிறது. விலை அதிகம்தான், ஆனால் நான் வேண்டாம் என்பது விலைக்காக இல்லை.

நிழலை எடுத்துக்கொள். நண்பகலில் நிழல் வடக்கே விழும், அதை வைத்துத் திசை கண்டுபிடிக்கலாம் என்று அந்த மாதிரிப் புத்தகங்களில் வரும். நியூயார்க்குக்கு அது சரி. டெல்லிக்கும் சரி, டெல்லி கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே சூரியன் ஒருநாளும் தலைக்கு நேர் மேலே வராது. சென்னையில் கதையே வேறு. ஏப்ரல் 24 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்டுவைத்த குச்சியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். நடுவில் மே, ஜூன், ஜூலை முழுக்க உங்கள் மொட்டைமாடியில் நண்பகல் நிழல் தெற்கே விழும். புத்தகத்தைப் படித்துவிட்டு மாடியேறுகிற ஒன்பது வயதுப் பிள்ளை எதை நம்புவாள்? அச்சில் இருப்பதைத்தான்.

பருவகாலமும் அப்படியே. அதில் இலை உதிரும், பனி கொட்டும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. கேரளாவுக்கு ஜூனில் வருகிற மழை நமக்கு ஏன் அக்டோபரில் வருகிறது என்பது எவ்வளவு நல்ல கேள்வி! அதை அந்தப் பெட்டி கேட்காது.

என்னைக் கேட்டால், சமச்சீர் புத்தகத்தை எடு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கலைச்சொல்லெல்லாம் தமிழில் இருப்பதால் பாட்டியிடம்கூட அவள் பேசலாம். ஒரு குறை உண்டு. பல இடங்களில் செயல்பாடு என்று கட்டம் போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே விடையையும் சொல்லிவிடுவார்கள். அந்த வரியை ஒரு தாளால் மூடிவிட்டுச் செய்யச் சொல், போதும். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டத்தில் புத்தகமே அப்படித்தான் இருந்தது. சோதனையும் கேள்வியும் மட்டும் இருக்கும். பிள்ளைகள் செய்துபார்த்துத் தங்கள் நோட்டில் விடை எழுத வேண்டும். பரீட்சையில் அந்த நோட்டையும் புத்தகத்தையும் திறந்துவைத்தே எழுதலாம். 2002இல் அரசு அதை நிறுத்திவிட்டது. அது தனிக் கதை.

உனக்கு ஒரு வழித்துணை வேண்டுமென்றால் மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் 'ஸ்மால் சயின்ஸ்' வரிசையைப் பார். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கானது. அதில் ஆசிரியர் கையேடு தனியாக உண்டு. எனக்குப் பாடநூலைவிட அதுதான் பிடிக்கும். அப்புறம், 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் மாத இதழுக்குச் சந்தா கட்டிவிடு.

முதல் வேலையாக நிழலையே செய்யுங்கள். ஒரு நேரான குச்சி, அதை நிறுத்தக் கொஞ்சம் களிமண். செங்குத்தாக நிற்கிறதா என்று கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டால் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஒரு நூலில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டிக்கொள். பதினொன்றே முக்காலிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்கட்டும். மிகக் குட்டையான நிழல் பெரும்பாலும் சரியாகப் பன்னிரண்டுக்கு விழாது, முன்னே பின்னே இருக்கும். ஏன் என்று நீயாகச் சொல்லாதே. அவளே கேட்பாள்.

பரீட்சையைப் பற்றிப் பயந்திருந்தாய். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுத 14 வயது முடிந்திருக்க வேண்டும். அங்கே ஐந்து பாடம் எடுத்தால் போதும், அறிவியல் கட்டாயமில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு ப்ளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் கேட்டால் சிக்கல்தான், அதனால் விட்டுவிடாதே. மாநில வாரியத்தில் தனித்தேர்வராக எழுதுவதென்றால், அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைக்கு. செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இதைத்தான் பலர் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு ஓடுகிறார்கள். கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்பு அளவிலான தேர்வான ஐஜிசிஎஸ்ஈயில் ஆய்வகம் இல்லாதவர்களுக்கென்று செய்முறைக்குப் பதிலாக ஓர் எழுத்துத் தாளே உண்டு. கட்டணம்தான் கையைக் கடிக்கும். எந்த வழியானாலும் பன்னிரண்டு வயதில் முடிவெடுத்தால் போதும். விதிகளை அந்த வருஷம் திரும்பப் பார்த்துக்கொள்.

மாப்பிள்ளை கேட்டால், புத்தகம் இல்லாமல் வளர்க்கச் சொல்லவில்லை, பெட்டியைத்தான் வேண்டாம் என்கிறேன் என்று சொல்.

சின்னவனுக்கு இப்போதைக்கு எதுவும் வாங்காதே. அக்கா சாக்பீஸை எடுத்தால் அவனும் எடுப்பான். இரண்டு பெட்டியாக வாங்கி வை.

அன்புடன்,
அக்கா