ஆட்டுக்குட்டி எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு ஆன்மிகப் பக்கத்தில், "உரியாவின் மனைவியை நீ எடுத்துக்கொண்டது பாவம் என்று நாத்தான் அரசனைக் கண்டித்தார்" என்று ஒரே வரியில் பைபிளில் வரும் தாவீது ராஜா கதையை முடித்துவிட்டீர்கள். ஆட்டுக்குட்டி எங்கே ஐயா?

உங்களுக்குத் தெரியாததா? நாத்தான் தீர்க்கதரிசி பாவம் என்ற பேச்சையே முதலில் எடுக்கவில்லை. ஓர் ஊரில் இரண்டு பேர், ஒருவனுக்கு ஏராளமான ஆடுமாடு, இன்னொருவனுக்குக் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஒரு பெண்குட்டி, அது அவன் சாப்பாட்டில் தின்று அவன் மடியில் படுத்து மகளைப்போல வளர்ந்தது என்று ஊர் வழக்குபோலத்தான் ஆரம்பிக்கிறார். விருந்தாளிக்காகப் பணக்காரன் அதைப் பிடித்துச் சமைத்தான் என்றதும் தாவீது கொதித்துப்போய், அவன் சாகவேண்டும், நாலு மடங்கு திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறான். அப்புறம்தான் "நீயே அந்த மனுஷன்". தன் படைவீரன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகடித்த ராஜாவிடம் எடுத்த எடுப்பில் பாவம் என்று சொல்லியிருந்தால் காதில் ஏறியிருக்குமா?

குன்னூரில் 22 வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். போன மழைக்காலத்தில் தேயிலைத் தோட்ட லைன் வீட்டுப் பையன் ஒருவன், ஆடு வளர்க்கிற வீடு, ஈர ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தான். குட்டி மடியில் படுத்தது என்றதும் கையிலிருந்த பொரியைத் தின்னாமல் அப்படியே வைத்திருந்தான். சமைத்தான் என்று சொல்லி வாய் மூடவில்லை, "டீச்சர், அந்தப் பணக்காரன் ராஜாதானே?" என்றான். உங்கள் வரியைப் படித்திருந்தால் அவன் எதைக் கண்டுபிடித்திருப்பான்?

போன வருடம் யோனா தீர்க்கதரிசி கதையை, விழுங்கிய மீன் அவரைக் கக்கியதோடு நிறுத்தினீர்கள். வலது கை இடது கை தெரியாத 1,20,000 பேரும் அத்தனை மிருகஜீவன்களும் இருக்கும் நினிவே நகரத்துக்காக நான் இரங்க வேண்டாமா என்று கடவுள் கேட்பதோடு அந்தப் புத்தகம் முடிகிறது. யோனாவின் பதிலே கிடையாது. அந்தக் கேள்வியை வெட்ட உங்களுக்கு எப்படி மனசு வந்தது? ரமலான் சமயத்தில் யூசுஃப் நபி கதை. யூசுஃபை ஓநாய் தின்றுவிடுமோ என்று தகப்பன் யஃகூப் நபி பயந்து சொன்ன வார்த்தையையே மற்ற மகன்கள் தங்கள் பொய்யாக்கி அவரிடம் கொண்டுவந்தார்கள் என்று பக்கத்து வீட்டு பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்கள் பக்கத்தில் அந்தத் தகப்பன் பேசவே இல்லை.

இடமில்லை என்பீர்கள். அதே பக்கத்தில் பாதி ஜவுளிக்கடை விளம்பரம்.

அடுத்த ஞாயிறு நாத்தான் கதையை ஆட்டுக்குட்டியோடு முழுசாகப் போடுங்கள். வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டும், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை,
குன்னூர், நீலகிரி