கல்லடியிலிருந்து கண்ணாடிக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் கண்ணாடிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். குட்டி அக்கா கடைசியில் வீட்டுக்குப் பெயின்ற் அடித்துவிட்டார், நிறத்தைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். நீ அனுப்பிய கேக்கில் பாதிதான் வந்து சேர்ந்தது, மீதியை உன் மருமகனிடம் கேள். சரி, விசயத்துக்கு வருகிறேன்.

தங்கச்சியின் மூத்தவள், கலியாணம் முடித்தவர்களுக்கு நடத்துகிற திருமதி அழகிப் போட்டிக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். சிரிக்காதே கா. நானும் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். உயரம் இருக்கிறது, சிங்களமும் இங்கிலிசும் தடங்கலில்லாமல் வரும், கூச்சம் என்றால் என்னவென்றே தெரியாது. சிக்கல் புருசன்தான். கட்டாருக்குப் போனவன், மறுகா போனும் இல்லை, காசும் இல்லை. விவாகரத்தும் எடுக்கவில்லை. கடதாசியில் அவள் திருமதி. ஊர்க்கணக்கில் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

போன மாசம் எங்கள் ஒழுங்கையில் ஒரு கலியாணம். பெண்ணுக்கு அலங்காரம் நான், உதவிக்கு அவள். விடிய எழும்பிப் பெண்ணின் தலை முழுக்க அவள்தான் பூ வைத்தாள். ஆராத்தி எடுக்க ஒரு ஆள் குறைந்தது. அவள் தட்டுக்குக் கையை நீட்ட, ஒரு மாமி வந்து "நீ இரு பிள்ளை" என்று தட்டை வாங்கிப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தார். கோபமாகக்கூட இல்லை, அன்பாகத்தான் சொன்னார். இவள் திரும்பி வந்து மேக்கப் பெட்டியை அடுக்கத் தொடங்கினாள்.

அதனால்தான் இந்தப் போட்டி என்றதும் எனக்கு 2021 ஏப்ரல் ஞாபகம் வந்து நித்திரையைக் கெடுக்கிறது. கொழும்புத் தாமரைத் தடாக மண்டபம், திருமதி ஸ்ரீலங்கா போட்டி, நேரடி ஒளிபரப்பு. புஷ்பிகா டி சில்வாவுக்குக் கிரீடம் வைத்தாயிற்று. பிறகு அந்த நேரத்துத் திருமதி உலக அழகி கரோலின் ஜூரி மைக்கைப் பிடித்து, விவாகரத்தானவர்களுக்கு இதில் இடமில்லை என்று சொல்லி, கிரீடத்தைக் கழற்றி இரண்டாவதாக வந்தவரின் தலையில் வைத்தார். புஷ்பிகா மேடையை விட்டே போய்விட்டார். கடைசியில் பார்த்தால் அவர் கணவரைப் பிரிந்து இருந்தவர், விவாகரத்து ஆகவில்லை. ஏற்பாட்டாளர்கள் கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஜூரியைக் கறுவாத்தோட்டப் பொலிஸ் கைதுசெய்து பிணையில் விட்டது.

எனக்கோ தொழில் புத்தி, கண் போனது தலைக்குத்தான். கிரீடம் சும்மா குந்தியிருக்காது. இரண்டு பக்கமும் சீப்புப் பல், அதைப் பிடிக்கக் கொண்டை ஊசி, மேலே ஸ்பிரே. குனிந்து நிமிர்ந்தாலும் அசையக்கூடாது என்றுதான் அப்படிக் குத்துகிறோம். கழற்றுவதென்றால் ஊசி ஊசியாக உருவ வேண்டும், அவசரப்பட்டால் தலைமயிரோடு வரும். தலையில் காயமென்று புஷ்பிகா ஆஸ்பத்திரிக்குப் போனாராம். போகாமல்?

இந்த நிகழ்ச்சிகளின் கட்டே அப்படித்தான். சேலையில் ஒரு சுற்று, கவுனில் ஒரு சுற்று, கேள்வி பதில், நடுநடுவே விளம்பரம். எல்லாம் கடைசியில் இரண்டு பேர் கைகோத்து நிற்கும் அந்த நிமிடத்துக்காக. அறிவிப்பாளர் வேண்டுமென்றே இழுப்பார், கமரா முகத்துக்குக் கிட்டப் போகும். 2015 இல் மிஸ் யுனிவர்ஸ் மேடையில் ஸ்டீவ் ஹார்வி பெயரை மாற்றி வாசித்து, கொலம்பியாக்காரியின் கிரீடம் பிலிப்பைன்ஸ்காரிக்குப் போனதே, அதையும் உலகமே பார்த்தது. அது வாசிப்புப் பிழை, மன்னிக்கலாம். கொழும்பில் நடந்ததை என்னால் அப்படி விட முடியவில்லை. விண்ணப்பத்தை வாங்கும்போதே மேசையில் கேட்டு முடித்திருக்க வேண்டிய கேள்வி அது. அதை நாடு பார்க்க ஒரு பெண்ணின் தலையில் கைவைத்துத் தீர்த்தார்கள். எங்கள் மாமியிடம் மைக் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவளிடம் பதில் தயாராக இருக்கிறது. மிஸ் யுனிவர்ஸில் 2023 இலிருந்து மணமானவர்கள், பிரிந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் நிற்கலாமாம். றோசி சேனாநாயக்க 1984 இல் திருமதி உலக அழகியாகி, பிறகு கொழும்பு மேயராகவே வரவில்லையா என்கிறாள். "நான் மேயராகத் தேவையில்லை பெரியம்மா, ஒருக்கா முன்னுக்கு நிக்கணும்" என்றாள். அதுக்குப் பிறகு நான் என்னத்தைச் சொல்ல? தங்கச்சி மூன்று நேரமும் அழுகிறாள், மச்சான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார். சேலைக்கு நான் மருதமுனையில் ஓடர் கொடுத்துவிட்டேன், தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. வாயைத் திறந்துவிடாதே.

உன்னிடம் இரண்டு காரியம். தெரிவுக்குக் கொழும்புக்கு வர வேண்டி வந்தால் அவள் உன் வீட்டில்தான் தங்குவாள், உதயதேவி ரயிலில் ஏற்றிவிடுவேன். மற்றது முக்கியம். உன் அத்தான் சட்டத்தரணிதானே. புருசன் இல்லாமல் பிரிந்திருக்கிறவளுக்கு இந்தப் போட்டியில் நிற்கத் தடையில்லை என்று ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் வாங்க ஒரு கடிதம் எழுதித் தரச் சொல். வாய்ப்பேச்சு வேண்டாம், கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அது கையில் வந்த பிறகுதான் படிவம் போகும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆகவே அத்தானைப் பிடித்து, இந்த வெள்ளிக்கு முன்னம் எனக்கு ஒரு கோல் எடு. இரவு எட்டுக்குப் பிறகு எடு, அதுவரைக்கும் என் கை யாரோ ஒருத்தியின் தலையில்தான் இருக்கும்.

அன்புடன்,
உன் வகுப்புப் பின்வாங்குக்காரி