கறுத்த உதடும் குட்டி வாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் 'அழகுத் துணுக்குகள்' பக்கம் ரசிக்கும்படி இருந்தது. ஆனால் 'ஹாலிவுட் ஊமைப்பட நாயகிகள் கறுப்பு லிப்ஸ்டிக் பூசினார்கள்', 'அந்தக் காலத்தில் குட்டி வாய்தான் அழகு' என்ற இரண்டு துணுக்குகளிலும் காரணத்தை விட்டுவிட்டீர்கள். சுவையே அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது.

நாயகிகளின் உதட்டில் இருந்தது பெரும்பாலும் சிவப்புக் குடும்பத்துச் சாயம். அதைக் கறுப்பாக்கியது பிலிம். 1920களின் நடுப்பகுதிவரை ஸ்டுடியோக்களில் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. எனவே சிவந்த உதடு திரையில் கரியாகும், முகத்தில் இருக்கும் மச்சமும் புள்ளியும் இரண்டு மடங்கு கறுத்துத் தெரியும், நீலக் கண்ணோ வெளுத்துப்போய்ப் பேயடித்த மாதிரி ஆகிவிடும். அக்காலப் படங்களில் முகத்துக்கு அவ்வளவு கனமாகப் பூச்சு பூசியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கைப்பேசியில் ஒரு முகப்படத்தை எடுத்து, நிற வடிகட்டி வசதியுள்ள செயலியில் கறுப்பு-வெள்ளை ஆக்கி, நீல வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள். குங்குமப் பொட்டு மை வைத்ததுபோல் கறுக்கும், மஞ்சள் பூசிய கன்னம் மங்கும், நீலச் சட்டை வெளுக்கும். வெறுமனே நிறத்தை நீக்கினால் இது வராது. கைப்பேசி கேமராவுக்குச் சிவப்பும் தெரியும் என்பதால் அது எல்லா நிறத்தையும் கணக்கில் சேர்த்தே சாம்பலாக்கும்.

குட்டி வாய்க்கு வருகிறேன். ஸ்டுடியோ விளக்குகளின் சூட்டில் எண்ணெய்ப் பசையுள்ள உதட்டுச்சாயம் உருகி வாயின் ஓரங்களில் வழியும். ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர் மேக்ஸ் ஃபேக்டர் அதற்கு ஒரு குறுக்குவழி கண்டார். கட்டைவிரலில் சாயத்தைத் தொட்டு மேலுதட்டின் நடுவில் பக்கம் பக்கமாக இரண்டு முறை, கீழுதட்டில் ஒரு முறை அழுத்துவார். பிறகு தூரிகையால் விளிம்பைச் சீராக்குவார். ஓரங்களைத் தொடவே மாட்டார், அவை பவுண்டேஷனுக்குள் மறைந்துவிடும். மே மர்ரே, கிளாரா போ போன்ற நடிகைகளின் முகத்தோடு ஒட்டிக்கொண்ட அந்த 'மன்மத வில்' உதடு, வழிசலைத் தடுக்கப் பிறந்த வடிவம். 1930இல் வந்த பெட்டி பூப் கார்ட்டூனின் வாயும் அந்தக் காலத்து மோஸ்தர்தான். பின்னர் நடிகை ஜோன் கிராஃபோர்டுக்கு உதட்டு விளிம்பைத் தாண்டி அகலமாகத் தீட்டினார்கள், உடனே ஊரெல்லாம் அகல வாய்.

பேசும்படம் வந்ததும் ஒப்பனைப் பெட்டி தலைகீழானது. ஆர்க் விளக்குகள் இரைந்தன, மைக் அந்த இரைச்சலையும் சேர்த்துப் பிடித்தது. சத்தமில்லாத டங்ஸ்டன் விளக்குகளுக்கு மாறினார்கள். அந்த ஒளியில் சிவப்பு அதிகம். அதற்கேற்ற பான்குரோமாட்டிக் பிலிம் எல்லா நிறத்தையும் பதிவுசெய்யும் என்பதால் பழைய பூச்சுகள் எடுபடவில்லை. 1928இல் ஹாலிவுட்டில் விளக்கு, பிலிம், மேக்கப் மூன்றையும் சேர்த்துச் சோதித்ததும் இதற்காகத்தான்.

அடுத்த தலைவலி டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறை. பளபளக்கும் கிரீஸ்பெயின்ட் என்ற எண்ணெய்ப் பசைப் பூச்சு பக்கத்திலிருக்கும் திரைச்சீலையின் நிறத்தையும் சேர்த்துப் பிரதிபலித்தது. சிவப்புச் சோபாவில் உட்கார்ந்தால் கன்னமும் சிவப்பு. பளபளப்பே இல்லாமல், தண்ணீர் தொட்டுப் பூசும் கட்டிப் பவுடராகப் 'பான்கேக்' 1937இல் திரைக்கு வந்தது, மறு ஆண்டு கடைக்கும் வந்துவிட்டது. சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் அது லாரி லாரியாக வந்து இறங்கியதை, அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் எழுதியிருக்கிறார்.

இன்றும் நாட்டிய மேடைக்குப் பான்கேக் வாங்குகிறவர்கள் உண்டு. பாதிப் பேர் பூசுவது தவறான முறையில். ஸ்பாஞ்சை நனைத்து, ஒரு சொட்டுகூடச் சொட்டாத அளவுக்குப் பிழிந்துவிட வேண்டும். ஈரம் கூடினால் கோடு கோடாக விழும், குறைந்தால் திட்டுத் திட்டாக ஒட்டும். நெற்றி, ஒரு கன்னம், மறு கன்னம் என்று பகுதி பகுதியாகப் பூசி, காய்வதற்குள் ஓரங்களை இழைத்துவிடுங்கள். காய்ந்த இடத்தில் ஈர ஸ்பாஞ்ச் மறுபடி பட்டால் அடியில் இருப்பதையும் பெயர்த்துக்கொண்டு வரும். வறண்ட சருமத்துக்கு முதலில் மாய்ஸ்சரைசர் தடவி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தை டிஷ்யூவால் ஒற்றியெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயைச் சுற்றி வெடிக்கும், எண்ணெய் நின்றாலோ பூச்சு பிடிக்காது. நிறத்தைப் புறங்கையில் பார்க்காதீர்கள். தாடையில் தீற்றிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மாநிறத்துக்கு இரண்டு படி வெளுத்த நிறத்தைப் போட்டால் அழகு கூடாது, சாம்பல்தான் பூக்கும். கழுத்தும் காதும் முகத்தோடு சேர்ந்தவை என்பதை ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பிலிம் போய்விட்டாலும் கேமரா இன்னும் பழிவாங்குகிறது. 2014 மே மாதம் நியூயார்க்கில் ஒரு படத்தின் முதல் காட்சிக்கு வந்த ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலியின் முகத்தில் வெள்ளைப் பவுடர் அப்பியதுபோன்ற படங்கள் உலகம் சுற்றின. நிறமில்லாத நுண்ணிய சிலிகா பவுடர் சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. நேராக அடிக்கும் பிளாஷில் ஒளியைத் திருப்பி அனுப்பி வெள்ளையாகிவிடும். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனும் இதே வேலையைச் செய்யும். கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணின் முகம் மட்டும் வெளுத்து, கழுத்து தனியாகத் தெரிவதற்கு இவையும் காரணம். நிற்காமல் எரியும் வீடியோ விளக்கில் இது அவ்வளவாகத் தெரியாததால் வீடியோவில் முகம் சரியாகவே இருக்கும், பழி போட்டோகிராபர் தலையில் விழும்.

மாலை வரவேற்புக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம். பவுடரைத் தூரிகையில் எடுத்து, தட்டி உதிர்த்து, மூக்கு, நெற்றி, மோவாயில் மட்டும் ஒற்றுங்கள். மண்டபத்துக்குக் கிளம்பும் முன் விளக்கை அணைத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெளுப்பு தெரிந்தால் மேலே வேறெதையும் அப்பாமல், சுத்தமான தூரிகையால் உதிர்த்துவிட்டு, தோல் நிறத்திலுள்ள பவுடரை லேசாக ஒற்றினால் போதும். நேரமில்லையென்றால் பிளாஷைக் கூரையை நோக்கித் திருப்பி எடுக்கும்படி போட்டோகிராபரிடம் சொல்லுங்கள், வெளுப்பு வெகுவாகக் குறையும்.

இப்படிக்கு,
ஒப்பனைக் கலைஞர் ஒருவர்,
வடபழனி, சென்னை.