லோரென்ஸ் மாக் என்கிற ஆசாரி

காரைக்குடி,
புதன்கிழமை

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். மாப்பிள்ளை கொடுத்த மாத்திரையால் அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது.

"செஸ்கி க்ரும்லோவ் எப்படிப்பா இருந்துச்சு?" என்று போனில் கேட்டாய். நல்லா இருந்துச்சும்மா என்று மட்டும் சொன்னேன். உன் குரல் இறங்கிப் போனது எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆபீஸ் வேலையால் நீ வர முடியாமல் போனதே உனக்கு வருத்தம். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது தாயி. போனில் வாய் வரவில்லை.

செக் நாட்டுத் தலைநகர் பிராகிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். வல்தாவா ஆறு லாடம் மாதிரி வளைந்து ஊரைச் சுற்றுகிறது, மேலே பாறையில் அந்தப் பெரிய மாளிகை. ரோசன்பெர்க், எக்கன்பெர்க், ஷ்வார்சன்பெர்க் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிரபுக் குடும்பங்கள் ஆண்ட இடம். 1947இல் அரசாங்கம் தனிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டதாம். அகழியில் கரடி வளர்க்கிறார்கள். 1638இல் செய்த தங்க வண்டியை விட்டு அம்மா நகரவே இல்லை. அறைகளைப் பற்றி அவள் உனக்குச் சொல்லுவாள், நான் நாடகக் கொட்டகைக்கு வருகிறேன்.

மாளிகைக்கும் கொட்டகைக்கும் நடுவே பள்ளம். அதன்மேல் உயரமான வளைவுகளை எழுப்பி, அடுக்கடுக்காக மூடிய நடைபாதை கட்டியிருக்கிறார்கள். மழை பெய்தாலும் பிரபு வீட்டார் நனையாமல் நாடகத்துக்குப் போகலாம். முதல் கொட்டகையை எக்கன்பெர்க் பிரபு 1680 வாக்கில் கட்டினார். இப்போது இருப்பது யோசெஃப் ஆடம் ஷ்வார்சன்பெர்க் 1765-66இல் புதுப்பித்தது. 1768இல் அவருடைய மூத்த மகன் கல்யாணத்துக்கு ஜுசெப்பே ஸ்கார்லாட்டியின் இசை நாடகத்தை இங்கேதான் நடத்தினார்களாம். அந்தக் காலத்துக் கொட்டகைகள் பல நெருப்பில் எரிந்து போயின. இது தப்பியது. திரை, தட்டி, உடுப்பு, விளக்கு, கயிறு இழுக்கும் சாமான்கள் வரை அன்றைக்கு இருந்ததில் பெரும்பகுதி இன்னும் இருக்கிறது. 1966இல் மூடி, முப்பது வருஷம் பழுது பார்த்து, 1997இல்தான் மறுபடி ஜனங்களை உள்ளே விட்டார்கள்.

உள்ளே மரப் பலகை பெஞ்சுகள். மேடையில் ஒரு தெரு உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. கிட்டப் பார்த்தால் தெருவுமில்லை ஒன்றுமில்லை, இரண்டு பக்கமும் வரிசையாக வண்ணம் தீட்டிய தட்டிகள், பின்னால் போகப் போக நெருங்கி நிற்கின்றன. நடுவில் பிரபு உட்காரும் மாடத்துக்கு நேராகக் கணக்குப் போட்டுத் தீட்டியதாம், ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு அந்தத் தெரு கொஞ்சம் கோணலாகத்தான் தெரிந்திருக்கும். காற்றுக்கும் மழைக்கும் இடிக்கும் தனித்தனி மரக்கருவி. காற்றுக்கான உருளையில் சட்டங்கள் வைத்து, மேலே துணியை இறுக்கிப் போட்டிருக்கிறது. சுற்றினால் துணியில் சட்டம் உரசி ஊளையிடும்.

அப்புறம் எங்களை மேடைக்குக் கீழே கூட்டிப்போனார்கள். செல்வி, அங்கேதான் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

தலைக்கு மேலே மேடைப் பலகை. கீழே நடுவில் பெரிய மர உருளை, கிணற்று ராட்டினத்தைப் படுக்கப் போட்டு நீட்டிய மாதிரி. இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலிருந்தும் ஒரு கம்பம் மேடையின் நீண்ட பிளவு வழியாக மேலே போய்த் தட்டியைத் தாங்குகிறது. சட்டங்கள் சோடி சோடியாக நிற்கின்றன. உருளையைச் சுற்றினால் சோடியில் ஒன்று உள்ளே ஓடும், மற்றது வெளியே வரும், எல்லாத் தட்டியும் ஒரே மூச்சில். தெரு போய்க் காடு வந்துவிடும், சபை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சில விநாடிகளில். வடம் பிடிக்கிற மாதிரிதான், எல்லாக் கையும் ஒன்றாக இழுக்க வேண்டும். ஒரு கயிறு தளர்ந்தாலும் ஒரு தட்டி மட்டும் அனாதையாக நிற்கும்.

தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஒரு சட்டத்தின் மூட்டில் கழுந்து துளைக்குள் போய் உட்கார்ந்திருந்த விதம், உன் தாத்தா வேலை மாதிரியே இருந்தது. ஊடே ஒரு மயிர் நுழையாது.

வழிகாட்டிப் பெண் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தாள், அம்மா எனக்குத் தமிழில் சொன்னாள். "இந்த எந்திரத்தைச் செஞ்சவர் வியன்னாவிலேர்ந்து வந்த தச்சராம். பேரு லோரென்ஸ் மாக்காம்." நான் இன்னொரு தடவை கேட்கச் சொன்னேன். அதே பெயர். திரை தீட்டிய வெட்ஷெல், மேர்க்கெல் என்ற ஓவியர்களோடு சேர்த்து அந்த ஆசாரி பெயரையும் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு கோயில் தேருக்கு உன் தாத்தாவும் நானும் எட்டு மாதம் வேலை பார்த்தோம். தேர்முட்டியில் கல் வைத்தார்கள். பணம் கொடுத்தவர் பெயரெல்லாம் இருக்கிறது, எங்கள் ஐயா பெயர் இல்லை. ஐயா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தேரோட்டம் அன்றைக்கு அந்தக் கல் பக்கமே போகமாட்டார்.

ஒன்பதாம் வகுப்பில் நீ ஒரு படிவம் நிரப்பினாய். தந்தை தொழில் என்ற இடத்தில் 'பிசினஸ்' என்று எழுதியிருந்தாய். பார்த்தேன், கேட்கவில்லை. அந்த வயதில் உனக்கு எத்தனையோ சங்கடம் இருந்திருக்கும். அன்றைக்கு நானே உன்னைக் கூப்பிட்டு என் வேலையைக் காட்டியிருக்க வேண்டும். பட்டறைக்கு வந்தால் தூசி, படிப்பு கெட்டுவிடும் என்று உன்னை விரட்டியது நான்தான். அது என் தப்பு தாயி, உன்னுடையது இல்லை.

வந்த மறுநாளே தேக்குத் துண்டுகளை எடுத்து இழைக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு முழ அகலத்தில் சின்ன மேடை. பக்கத்துக்கு மூன்று சோடித் தட்டி, கீழே ஒரு உருளை. முதலில் சணல் கயிறு போட்டேன், வழுக்கியது. உருளையில் பள்ளம் வெட்டி, பருத்திக் கயிறு மாற்றியபிறகு ஐந்து சோடி சேர்ந்து ஓடுகின்றன. இடது பக்கம் கடைசிச் சோடி மட்டும் அரை அங்குலம் பிந்துகிறது. பொங்கலுக்கு நீ வருவதற்குள் சரி செய்துவிடுவேன். தட்டியில் படம் எதுவும் வரையவில்லை, அது உனக்கு. பட்டறையில் வைத்திருக்கிறேன். வந்ததும் நேரே அங்கே வா.

அன்புடன்,
அப்பா