ப்ளீச்சை மூக்கால் அளக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தைக் கழுவ ப்ளீச் கலக்கும்போது "வாடை வருதே, போதும்" என்கிறார்கள். வாடையை வைத்து எப்படிங்க அளவு சொல்வது? போத்தலில் 5 விழுக்காடு என்றிருந்தால், 20 மில்லி எடுத்து 1 லிட்டர் வரும்வரை தண்ணீர் ஊற்ற, சுமார் 1,000 பிபிஎம் குளோரின் (பத்து லட்சம் பங்கில் 1,000 பங்கு) கிடைக்க வேண்டும். புதுப் போத்தலுக்குத்தான் இந்தக் கணக்கு. நம் ஊர் வெக்கையில் மாதக்கணக்கில் கிடந்த ப்ளீச் வீரியம் இழந்திருக்கும்.

சரி, குளோரின் அளவை நிறத்தால் காட்டும் சோதனைப் பட்டை வாங்கலாம் என்றால் அதிலும் ஒரு வம்பு. நீச்சல் குளத்துப் பட்டைகள் பெரும்பாலும் 10 பிபிஎம் வரைதான் காட்டும், அதைக் கலவையில் நேராக முக்கினால் குளோரின் பட்டையின் நிறத்தையே வெளுத்துவிடலாம், பார்ப்பவர் குளோரினே இல்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்! கலவையில் 5 மில்லியை அளந்தெடுத்து 1 லிட்டராக்கிச் சோதியுங்கள், வரும் எண்ணை 200ஆல் பெருக்குங்கள். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றினால் எண்ணில் வரும் பிழையும் 200ஆல் பெருகும், மருந்தகத்தில் விற்கும் ஊசியில்லாத சிரிஞ்சு போதும்.

துல்லியம் வேண்டுமென்றால் ஆய்வுக்கூடம்தான். பொட்டாசியம் அயோடைடும் அமிலமும் சேர்த்து, வெளிவரும் பழுப்பு அயோடினைத் தயோசல்பேட் என்ற உப்பின் கரைசலால் சொட்டுச்சொட்டாகத் தீர்ப்பார்கள். கடைசியில் ஸ்டார்ச் போட, மிச்ச அயோடினால் நீலமாகும், அந்த நீலம் மறையும் சொட்டே கணக்கு. வீட்டில் வினிகரை வைத்து இதை முயல வேண்டாம், ப்ளீச்சில் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

அதிக அளவு காட்டும் பட்டைகளும் தனியாக விற்கின்றன. நகர மன்றங்கள் துப்புரவாளர்களுக்கு அவற்றைக் கொடுக்கலாமே?

ஒரு வாசகர், ஈசூன்