நெல்லிக்குப்பத்துக் கற்கண்டும் பச்சை வெளிச்சமும்

வில்னியஸ்,
டிசம்பர் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? இங்கே சாயங்காலம் 4 மணிக்கே இருட்டிவிடுகிறது. கொண்டுவந்த புளி தீர்ந்துவிட்டது, எலுமிச்சையில்தான் ரசம்.

"அங்கே என்னதான் வேலை?" என்று போனில் கேட்டீர்கள். "லேசர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அது தப்பு. 30 வருஷம் ஆலையில் பாகு காய்ச்சி, ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்து மணி பார்த்தவர் நீங்கள். நானும் இங்கே மணிதான் வளர்க்கிறேன். நாங்கள் படிகம் என்கிறோம்.

போன வாரம் அம்மா கட்டிக்கொடுத்த கற்கண்டில் கொஞ்சம் பொடித்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் முன்னால் வைத்தேன். 1064 நானோமீட்டரில் போன ஒளியில் ஒரு துளி, அலைநீளம் பாதியாகி, 532-ல் பச்சையாக வந்தது! அடுத்து உப்பை வைத்தேன். ஒன்றுமே இல்லை.

எல்லாம் அடுக்கைப் பொறுத்தது அப்பா. உப்பில் ஒரு பக்கம் இருப்பது அப்படியே எதிர்ப்பக்கமும் இருக்கும். பாடலீஸ்வரர் தேரைப் பாதிப்பேர் முன்னாலும் பாதிப்பேர் பின்னாலும் இழுத்தால் நகருமா? சர்க்கரை மூலக்கூறு வலது கை, இடது கை மாதிரி. ஒரே கையாகச் சேரும்போது அந்தச் சமச்சீர் அமையவே முடியாது. ஒளியை நன்றாக மாற்றக்கூடிய மூலக்கூறுகள் பலவும் தலைக்கு வாலாக எதிரெதிரே படுத்துக்கொள்கின்றன. அவற்றோடு, சர்க்கரை போலவே ஒரே கையான ஒரு அமினோ அமிலத்தைக் கோத்து, அப்படிப் படுக்கவிடாமல் செய்வதுதான் என் வேலை.

1961-ல் மிச்சிகனில் ஃப்ராங்கன் குழுவினர் குவார்ட்ஸில் இதை முதலில் கண்டார்கள். படத்தில் விழுந்த புள்ளி அவ்வளவு மங்கல், தூசி என்று நினைத்து இதழ்க்காரர்கள் அச்சில் அழித்தேவிட்டார்களாம். அதைப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

நானும் ஒன்றை இழந்தேன். 40 நாள் வளர்த்த படிகத்தைக் கரைசலிலிருந்து எடுத்து, ஆறுவதற்குள் சில்லென்ற மேஜைமேல் வைத்தேன். குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. "அவசரப்பட்டா பொடிமணிதான் விழும்" என்பீர்களே, அந்தக் குரல்தான் காதில் கேட்டது. இப்போது கரைசலின் சூட்டை ஒரு நாளைக்கு அரை டிகிரிகூட இறக்குவதில்லை.

ஒன்று கேட்கணும். பாகில் விதைச் சர்க்கரை போடும் பதம் வந்துவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் கருவி காட்டும் எண்ணை நம்பிப் போட்டு, இரண்டு முறை விதை கரைந்துபோனது. விவரமாக எழுதுங்கள்.

உங்கள் மகள்