தூக்கிச் சுமந்தவர்களுக்கும், சுமக்கத் தேவையில்லாத பாதை போட்டவர்களுக்கும்

அன்பான தேயிலைத் தோட்டத்து உறவுகளே, ஹட்டனிலும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்து கைகொடுத்தவர்களே,

கீழ் லயத்து வீட்டு வரிசையில் இருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும், என் சக்கர நாற்காலியும் போகிற மாதிரிப் பாதை முடிந்துவிட்டது. போன வாரத்து மழைக்குப் பிறகும் கொங்கிரீட் ஓர் இடத்திலும் வெடிக்கவில்லை, தண்ணீர் ஓடுகிற கான் நிரம்பிப் பாதை மேல் தண்ணீர் வரவும் இல்லை. பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஏறுகிற சாய்தளமும் கைபிடிக் கம்பியோடு தயாராக இருக்கிறது. காசு போட்டவர்கள், மணல் சுமந்தவர்கள், கடிதம் எழுதித் தந்தவர்கள், எங்களுக்காக ஏச்சு வாங்கியவர்கள் என்று நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சொல்லத்தான் ஆசை, ஆனால் மேட்டு லயத்துக்கு இன்னும் படிதான், அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி என்னைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு. இலங்கையில் கடைசியாக ஒரு பிள்ளைக்குப் போலியோ வந்தது 1993-இல், அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் அது எனக்கு வந்தது. அப்பா காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் என்னைத் தோளில் வைத்துக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவார். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது, டவுன் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏற வேண்டும், அங்கே வகுப்பறை மாடியில், அத்தோடு என் படிப்பும் முடிந்தது. அதற்குப் பிறகு மாமாமார், தம்பிமார், பக்கத்துக் காம்பரா அண்ணன்மார் என்று யார் யாரோ என்னை க்ளினிக்குக்கும் கோவில் திருவிழாவுக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள், ஒருவரும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் தூக்க ஆள் இருந்தால்தான் எனக்கு வெளியுலகம். எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால் க்ளினிக் திகதி தவறிப்போகும். அப்புறம், வளர்ந்த ஒரு பெண்ணை ஆட்கள் தூக்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்டதும் இல்லை. அதை முதன்முதலாகக் கேட்டவர் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற எங்கள் பிள்ளை மடுவத்து அக்கா. அவர் கேட்டதில் இருந்துதான் இந்தப் பாதை தொடங்கியது என்று நான் சொல்வேன். தோட்டத்தின் மூன்று டிவிசனிலும் மாற்றுத்திறனாளிகளாக வீட்டுக்குள்ளேயே இருந்த எங்களைத் தேடித்தேடிக் கூட்டிவந்து ஒரே இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், உட்கார வைத்தது அவர்தான்.

அந்த இஸ்தோப்பில் எங்களுக்கு முதலில் வந்த பேச்சு வாக்கைப் பற்றி. 1948-ஆம் வருடத்துச் சட்டத்தால் எங்கள் தாத்தா, பாட்டிமார் பிரஜாவுரிமை இழந்தார்கள், அதோடு வாக்கும் போனது. 2003-இல் சட்டம் வந்த பிறகுதான் நாடற்றவர்களாக மிஞ்சியிருந்த கடைசி ஆட்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. அத்தனை பாடுபட்டு வந்த வாக்கைப் போடப் போனால் மண்டபத்து வாசலில் ஐந்து படி. எங்களோடு இருக்கிற பார்வையில்லாத பாட்டிக்கு வேறொரு கஷ்டம், அவருடைய சீட்டில் அதிகாரிதான் புள்ளடி போடுவார், தான் சொன்ன சின்னத்துக்குத்தான் போட்டாரா என்ற சந்தேகம் பாட்டிக்கு எப்போதும் உண்டு. 2011-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டப்படி நம்பிக்கையான ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போகலாம் என்று சொல்லி, படிவத்தை வீட்டுக்கே கொண்டுவந்து, வைத்தியரின் ஒப்பம் எங்கே வர வேண்டும் என்றும் காட்டித் தந்த கிராம உத்தியோகத்தர் ஐயாவுக்கு எங்கள் நன்றி. 2024 ஜனாதிபதித் தேர்தலில் பாட்டி பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய் வாக்களித்தார்.

இதையெல்லாம் உரிமையாகக் கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. ஓர் அலுவலகத்தில், உங்களுக்கு எதற்குச் சிரமம், வீட்டில் இருந்துகொண்டு யாரையாவது அனுப்புங்கள் என்று அன்பாகத்தான் சொன்னார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர்தான் எங்களுக்குத் தமிழில் உட்கார்ந்து விளக்கினார்: 1996-இலேயே எங்கள் உரிமைகளுக்குச் சட்டம் இருக்கிறது, பொதுக் கட்டடங்களுக்குள் நாங்கள் போய்வர வசதி செய்ய வேண்டும் என்று 2006-இல் ஒழுங்குவிதிகள் வந்தன, பழைய கட்டடங்களை மூன்று வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்று அதிலேயே இருந்தது, 2016-இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் நாடு ஏற்று உறுதிப்படுத்தியது. கலாநிதி அஜித் பெரேரா என்ற பெயரையும் அவரிடம்தான் கேள்விப்பட்டேன். ஓடுகிற காரின் மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர், உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் 2011-இல் அந்த ஒழுங்குவிதிகளை நடைமுறைப்படுத்தச் சொல்லி உத்தரவு வாங்கினார். அவர் எங்கள் தோட்டத்துக்கு வந்ததில்லை, இப்போது உயிரோடும் இல்லை, ஆனாலும் பாதையும் சாய்தளமும் கேட்டு நாங்கள் கொடுத்த மனுவின் இரண்டாம் பந்தியில் அந்த உத்தரவைத்தான் எழுதினோம், அதை வாசித்த பிறகுதான் எதிரில் இருந்த அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார்.

தோட்டத்துக்குள் பாதை போடுவது டவுனில் போடுவது போல இல்லை. நிலம் கம்பனியின் பொறுப்பில், உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபைக்குத் தோட்டத்துக்குள் செலவு செய்ய வெகுகாலம் சட்டத்தில் இடமில்லை, 2018-இல் திருத்தம் வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. இதைத் தெரிந்து வைத்திருந்து சபையில் எழுந்து பேசிய உறுப்பினருக்கும், அனுமதிக் கடிதத்தை இழுத்தடிக்காமல் தந்த தோட்ட நிர்வாகி துரைக்கும், இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த எங்கள் தலைவருக்கும் நன்றி. கட்டாரில் இருந்து சீமெந்துக்குக் காசு அனுப்பிய தம்பி, உன் அம்மா அந்தப் பாதையில்தான் இப்போது கோவிலுக்குப் போகிறார்.

மேசன் பாஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் அவர் சாய்தளத்தை ஆறடி நீளத்தில் கட்டி முடித்துவிட்டார், பார்க்க அழகாகத்தான் இருந்தது. என்னால் அதில் பாதிக்கு மேல் ஏற முடியவில்லை, நாற்காலி பின்னால் சரிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் என்னை வாங்கில் உட்காரச் சொல்லிவிட்டு, தானே நாற்காலியில் உட்கார்ந்து கையால் சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது, ஏறவில்லை. இறங்கி வந்து, ஒரு அடி உயரத்துக்கு எத்தனை அடி நீளம் வேண்டும் என்று என்னிடம் கேட்டார். பன்னிரண்டு என்றேன். ஐந்து படிக்கு இரண்டரை அடி உயரம், அப்படியென்றால் முப்பது அடி, வாசலில் அவ்வளவு இடம் இல்லை. அன்றைக்கே கட்டியதை உடைத்து, பாதியில் ஒரு திருப்பம் வைத்து, திரும்புகிற இடத்தில் நாற்காலி நின்று மூச்சு வாங்கத் தட்டையாகத் தளம் விட்டு, மறுபடி முதலில் இருந்து கட்டினார். கூலி கூடக் கேட்கவில்லை. மட்டம் பிடித்தது எங்கள் கூட்டத்துத் தம்பி, அவனுக்குக் காது கேட்காது, ட்யூப்பில் தண்ணீர் விட்டு அவன் மட்டம் பார்த்தால் நூல் பிசகாது. அவனுக்கு இப்போது பாஸ் வேறு இடங்களிலும் வேலை கொடுக்கிறார், அதற்குத் தனியாக ஒரு நன்றி.

சிரமதான நாட்களில் தேத்தண்ணியும் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்த மாதர் சங்கத்து அம்மாமாரே, மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்த களைப்போடு அதையும் செய்தீர்கள். 1977-இல் அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோவில், என்னைப் போலவே போலியோவால் சக்கர நாற்காலிக்கு வந்த ஜூடி ஹியூமனும் அவரோடு நூறு பேருக்கு மேலும் ஓர் அரசாங்கக் கட்டடத்துக்குள் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்து, மாற்றுத்திறனாளிகளுக்காக ஏற்கெனவே இருந்த சட்டத்துக்கான ஒழுங்குவிதிகளில் கையெழுத்து வாங்கினார்கள். அவர்களுக்குத் தினமும் சூடாகச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தது கறுப்பின மக்களின் இயக்கமான பிளாக் பாந்தர்ஸ். அதை வாசித்தபோது எனக்கு உங்கள் ரொட்டிச் சட்டிதான் ஞாபகம் வந்தது.

இன்னும் வேலை இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கழிவறைக் கதவு ஒடுக்கம், நாற்காலி நுழையாது. மேட்டு லயத்தில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருக்கிறார்கள், அவர்களுடைய அம்மாமாரிடம் நான் பேசிவிட்டேன், பாதை வந்தால் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கொழுந்து மடுவத்தில் மூன்று மூட்டை சீமெந்து மிச்சம் இருக்கிறது, மழைக்குக் கட்டி தட்டுவதற்குள் மேட்டு லயத்துப் படிகளில் வேலை தொடங்க வேண்டும். வருகிற ஞாயிறு காலையில் பாஸ் அளக்க வருகிறார், முடிந்தவர்கள் வாருங்கள். நானும் வருகிறேன், படி தொடங்குகிற இடம் வரைக்கும்.